ஃபீட்பேக்கில் 3.2 வந்தால் நான் சரியாகப் பாடம் நடத்தவில்லை என்று அர்த்தமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் விஷயம் புரியட்டும். ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து உங்களுக்கு இது மூன்றாவது வருடம். இரண்டாம் செமஸ்டர் மாணவர்களுக்கு சர்க்யூட் தியரி, அதாவது மின்சுற்றுகள் பற்றிய பாடம், எடுக்கிறீர்கள். மாணவர் ஃபீட்பேக்கில் 5-க்கு 3.2 வந்திருக்கிறது. செமஸ்டர் தேர்வில் உங்கள் செக்‌ஷனில் 58 சதவீதம் பேர் பாஸ். பக்கத்து செக்‌ஷனுக்கு அதே பாடம் எடுக்கும் மேடத்துக்கு ஃபீட்பேக் 4.6, பாஸ் 81 சதவீதம். அவர் ஒவ்வொரு யூனிட்டுக்கும் முக்கியமான கேள்விகளைக் குறித்துக் கொடுத்து விடையையும் எழுத வைக்கிறார் என்கிறீர்கள். துறைத் தலைவரான எச்.ஓ.டி. உங்களிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். ஃபீட்பேக் மதிப்பெண்ணை எப்படி உயர்த்துவது என்பதுதான் உங்கள் கேள்வியின் தலைப்பு. ஆனால் கடைசி வரியில் ‘நான் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறேனா இல்லையா என்று எனக்கே எப்படித் தெரியும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். எச்.ஓ.டி.க்கு என்ன எழுதுவது என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் மின்னியல் பாடங்கள் எடுத்தவன். பின்னாளில், புதிதாகச் சேரும் ஆசிரியர்களின் வகுப்புகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்து, அவர்களோடு பேசும் வேலையைப் பல வருடங்கள் செய்திருக்கிறேன். அதனால் நான் சொல்வது பெரும்பாலும் கணக்கும் லேபும் உள்ள பாடங்களுக்குத்தான் பொருந்தும். இலக்கியமோ வரலாறோ நடத்துபவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வகுப்பை நான் பார்த்ததில்லை, எனவே நீங்கள் நல்ல ஆசிரியரா என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்லவும் முடியாது. அதை நீங்களே கண்டுபிடிக்க வழி இருக்கிறது என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

உங்கள் கேள்வியில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. மாணவர்களுக்கு வகுப்பு பிடித்திருந்ததா என்பது ஒன்று. தேர்வில் பாஸ் ஆனார்களா என்பது இன்னொன்று. சுற்றுகளைப் பற்றி முன்பு தெரியாத ஒன்று இப்போது அவர்களுக்குத் தெரிகிறதா, அது அடுத்த வருடமும் நிற்குமா என்பது மூன்றாவது. உங்கள் கையில் இருக்கும் 3.2 முதல் விஷயத்தைப் பற்றியது, 58 இரண்டாவதைப் பற்றியது. மூன்றாவதைப் பற்றி உங்கள் கல்லூரி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பெரும்பாலான கல்லூரிகளில் இதுதான் நிலைமை. நம் வேலையே அந்த மூன்றாவதுதான் என்பதால் எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

சரி, ஃபீட்பேக்கை எடுத்துக்கொள்வோம். மாணவர்கள் போடும் மதிப்பெண்ணுக்கும் அவர்கள் கற்றுக்கொண்ட அளவுக்கும் தொடர்பு உண்டா என்று பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே பாடம், பல செக்‌ஷன், வெவ்வேறு ஆசிரியர்கள், எல்லாருக்கும் பொதுவான தேர்வு என்று இருக்கும் இடங்களில்தான் இதைச் சோதிக்க முடியும். 1981-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது), ஓரளவு நல்ல தொடர்பு இருக்கிறது என்றது. பல வருடங்கள் எல்லாரும் அதையே மேற்கோள் காட்டினார்கள். 2017-ல் கனடாவைச் சேர்ந்த பாப் உட்டிலும் அவருடைய சகாக்களும் பழைய தரவுகளை மறுபடி கணக்கிட்டபோது, அந்தத் தொடர்பு பெரும்பாலும் மிகச் சிறிய ஆய்வுகளிலிருந்து வந்தது என்று தெரிந்தது. செக்‌ஷன்கள் அதிகம் இருந்த ஆய்வுகளை மட்டும் பார்த்தால் தொடர்பு கிட்டத்தட்ட இல்லை.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அமெரிக்க விமானப்படை அகாடமியில் நடந்த ஆய்வு, 2010-ல் வெளிவந்தது. அங்கே எந்த மாணவர் எந்த ஆசிரியரிடம் போவார் என்பதை அவர்களாகத் தேர்ந்தெடுக்க முடியாது, குலுக்கல் போலப் பிரித்து அனுப்புகிறார்கள். பாடத்திட்டமும் தேர்வும் எல்லாருக்கும் ஒன்றே. தொடர்ந்து வரும் பாடங்களும் எல்லாருக்கும் கட்டாயம். இப்படிப்பட்ட இடம் கிடைப்பது அபூர்வம். அங்கே கால்குலஸ் பாடத்தில் அனுபவம் குறைந்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள், ஆசிரியருக்கும் நல்ல ஃபீட்பேக் கொடுத்தார்கள். ஆனால் அடுத்தடுத்த பாடங்களில் அவர்கள் பின்தங்கினார்கள். அனுபவமுள்ள, படிப்புத் தகுதி கூடிய ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அப்போது குறைவாக வாங்கி, பிற்பாடு முன்னே வந்தார்கள். நீங்களும் பக்கத்து செக்‌ஷன் மேடமும் இதே நிலையில் இருப்பதாக நான் சொல்லவில்லை. அப்படி இருக்க வாய்ப்பு உண்டு என்பதால், உங்கள் கல்லூரி 3.2-ஐயும் 4.6-ஐயும் பக்கத்தில் வைத்து ஒரு முடிவுக்கு வருவது தவறு.

2019-ல் ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புகளில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே விஷயத்தை ஒரு பிரிவுக்குச் சரளமான விரிவுரையாகவும், இன்னொரு பிரிவுக்குச் சிறு குழுக்களாகக் கணக்குப் போட வைத்தும் நடத்தினார்கள். கணக்குப் போட்டவர்கள் தேர்வில் கூடுதலாக வாங்கினார்கள். ஆனால் ‘இன்று எவ்வளவு கற்றுக்கொண்டாய்’ என்று கேட்டபோது, விரிவுரை கேட்டவர்கள்தான் அதிகம் கற்றதாகச் சொன்னார்கள். கஷ்டப்பட்டு யோசிப்பது, புரியாதது போன்ற உணர்வைத் தருகிறது. கரும்பலகையில் ஆசிரியர் தடங்கலில்லாமல் போட்டுக் காட்டும் கணக்கு, நமக்கும் தெரியும் என்ற உணர்வைத் தருகிறது. மாணவர்கள் பொய் சொல்வதில்லை, தங்கள் கற்றலை அந்த நேரத்தில் தாங்களே சரியாக மதிப்பிட முடியாது, அவ்வளவுதான். இந்த மாதிரிக் காரணங்களால்தான் 2018-ல் டொரண்டோவில் ரயர்சன் பல்கலைக்கழக வழக்கில் நடுவர், பதவி உயர்வுக்கோ பணி நிரந்தரத்துக்கோ கற்பித்தலின் பலனை அளக்க மாணவர் சர்வேயைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். ஆசிரியர் பெண் என்று தெரிந்தால் மதிப்பெண் குறைகிறது என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. 2015-ல் பரபரப்பாகப் பேசப்பட்ட ஒன்று மிகச் சிறியது, அதை மட்டும் வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

இதற்காக ஃபீட்பேக் படிவத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாணவர்களுக்குச் சில விஷயங்கள் நம்மைவிட நன்றாகத் தெரியும். நேரத்துக்கு வகுப்புக்கு வருகிறாரா, கடைசி பெஞ்சுக்குக் குரல் கேட்கிறதா, போர்டில் எழுதுவது தெரிகிறதா, சந்தேகம் கேட்டால் கேலி செய்கிறாரா, டெஸ்ட் பேப்பரை எப்போது திருப்பித் தருகிறார், வேகம் எப்படி, இதற்கெல்லாம் அவர்கள் நேரடிச் சாட்சிகள். ‘ஆசிரியரின் பாட அறிவு எப்படி?’ என்று கேட்டால்தான் தவறு. அது அவர்களால் சொல்லக்கூடியதில்லை. அப்புறம், ஃபீட்பேக் எப்படி எடுக்கப்படுகிறது என்பதையும் பாருங்கள். லிங்க்கைத் திறந்து நிரப்பினால்தான் ஹால் டிக்கெட் என்று வைத்திருக்கும் கல்லூரிகளில், பெரும்பாலோர் ஒரே எண்ணைக் கடகடவென்று தட்டிவிட்டுப் போகிறார்கள். எத்தனை பேர் போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 20 பேர் மட்டும் போட்டிருந்து, அவர்களுக்குள் வழக்கமான அளவில், ஒரு புள்ளி அளவுக்கு, கருத்து விரிந்திருந்தால், சராசரி இரண்டு பக்கமும் சுமார் 0.4 வரை தற்செயலாகவே நகரும். அந்த நிலையில் 3.2-க்கும் 3.5-க்கும் வித்தியாசமே இல்லை. 3.2-க்கும் 4.6-க்கும் இடையே இருப்பது தற்செயல் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஏதோ ஒன்று உங்கள் மாணவர்களை உறுத்துகிறது. அது என்ன என்று எண் சொல்லாது, அவர்கள் எழுதிய வரிகள் சொல்லும். அந்த வரிகளைக் கேட்டு வாங்குங்கள்.

பாஸ் சதவீதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். 2 மார்க் கேள்வி பத்து, 13 மார்க் கேள்வி ஐந்து, 15 மார்க் கேள்வி ஒன்று என்ற அமைப்பில், பழைய கேள்வித்தாள்களை வைத்துப் பயிற்சி கொடுத்தால் தேற்றத்தின் வரையறையையும் பழகிய கணக்கையும் எழுதிப் பாஸ் ஆகிவிடலாம். அது வீண் வேலை என்று நான் சொல்ல மாட்டேன். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த ஒரு பெண்ணுக்கு முதல் வருடத்தில் விழும் அரியர், படிப்பையே விட்டுவிடும் அளவுக்கு மனதை உடைக்கும். அந்தப் பெண்ணைப் பாஸ் பண்ண வைக்கும் ஆசிரியர் பெரிய உதவி செய்கிறார். ஆனால் இரண்டு செக்‌ஷனின் பாஸ் சதவீதத்தை ஒப்பிடுவதற்கு முன், இரண்டிலும் சேர்ந்தவர்கள் ஒரே மாதிரியானவர்களா என்று பார்க்க வேண்டும். கவுன்சிலிங்கில் வந்தவர்கள் ஒரு செக்‌ஷன், கடைசியாக மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்கள் இன்னொரு செக்‌ஷன் என்று பிரித்திருந்தால், 58-க்கும் 81-க்கும் காரணம் அட்மிஷன் வரிசையிலேயே இருக்கலாம். பிளஸ் டூ கணிதம், இயற்பியல் மதிப்பெண்களின் சராசரியை செக்‌ஷன் வாரியாக எடுத்துப் பாருங்கள், ஆபீஸில் கிடைக்கும்.

விமானப்படை அகாடமியில் செய்ததன் எளிய வடிவத்தை உங்கள் துறையிலேயே செய்யலாம். உங்களிடமும் மேடத்திடமும் படித்தவர்கள் மூன்றாம் செமஸ்டரில் மெஷின்ஸ் பாடத்திலும், பிற்பாடு கண்ட்ரோல் சிஸ்டம்ஸிலும் எப்படிச் செய்தார்கள் என்று முந்தைய இரண்டு பேட்ச்சுகளின் ரிசல்ட்டை எடுத்துப் பாருங்கள். டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் வந்தவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள், அவர்கள் உங்கள் இருவரிடமும் படித்தவர்கள் இல்லை. செக்‌ஷன்கள் குலுக்கலில் பிரிக்கப்படாததால் இது உறுதியான ஆதாரம் ஆகாது. ஆனால் இரண்டு பேட்ச்சிலும் ஒரே திசையில் வித்தியாசம் வந்தால், அது ஃபீட்பேக் எண்ணைவிடப் பல மடங்கு மதிப்புள்ள தகவல்.

நாக் (கல்லூரிகளுக்குத் தர அங்கீகாரம் தரும் அமைப்பு), என்.பி.ஏ. (பொறியியல் போன்ற படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) எல்லாம் வந்து போகிறார்களே, அவர்கள் தரத்தைப் பார்ப்பதில்லையா என்று கேட்டிருந்தீர்கள். பார்க்கிறார்கள், ஆனால் வேறு மாதிரி. 1994-ல் தொடங்கிய நாக், 2017-ல் கொண்டுவந்த வடிவத்தில் இணைப்புக் கல்லூரிகளுக்கு மொத்தம் 1000 புள்ளிகளில் 350-ஐக் கற்றல், கற்பித்தல், மதிப்பீடு என்ற ஒரே தலைப்புக்கு வைத்தது. ஏழு தலைப்புகளில் அதுதான் பெரியது. ஆனால் அதற்குள் எண்ணப்பட்டதில் பெரும்பகுதி ஆசிரியர்-மாணவர் விகிதம், முனைவர் பட்டம் பெற்றவர்கள் எத்தனை பேர், தேர்ச்சி விகிதம் போன்றவை. மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையிலும் கற்பித்தல் என்ற பெயரில் எண்ணப்படுவது மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் விகிதம், ஆசிரியர்களின் தகுதி, செலவிடும் பணம். இவை நல்ல கற்பித்தலுக்குத் தேவையான சூழ்நிலையைக் காட்டும், கற்பித்தலைக் காட்டாது. என்.பி.ஏ.யின் அடிப்படை யோசனை இவற்றைவிட எனக்குப் பிடித்தது. பொறியியல் படிப்புகளின் அங்கீகாரத்தை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014-ல் இந்தியா முழு உறுப்பினரானபோது, பாடம் முடிந்தபின் மாணவரால் என்ன செய்ய முடிகிறது என்பதை வைத்து அளக்கிறோம் என்று ஒப்புக்கொண்டோம். சரியான யோசனை. நடைமுறையில் அது சி.ஓ.-பி.ஓ. மேப்பிங் (ஒவ்வொரு பாடத்தின் பலன்களையும் முழுப் படிப்பின் பலன்களோடு பொருத்திக் காட்டுவது) என்ற எக்செல் ஷீட்டாகி, விசிட்டுக்கு முன் நிரப்பப்படும் வேலையாகிவிட்டது. ‘தெவெனின் தேற்றத்தைக் கூறுக’ என்ற கேள்விக்கு வந்த மதிப்பெண்ணை, தேற்றத்தைப் பயன்படுத்தும் திறன் என்ற கட்டத்தில் போட்டு 2.4 அட்டெயின்மென்ட் (எட்டிய அளவு) என்று எழுதினால், அந்த எண் யாருக்கும் எதையும் சொல்லாது. கேள்வித்தாள் மாறாமல் ஷீட் மட்டும் மாறினால் பயனில்லை. இந்தியா, சீனா, ரஷ்யா, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளின் கம்ப்யூட்டர் சயின்ஸ், எலெக்ட்ரிகல் மாணவர்களை ஒப்பிட்டு 2021-ல் வந்த பெரிய ஆய்வில், நம் மாணவர்கள் முதல் இரண்டு வருடங்களில் கணிதம், இயற்பியலில் முன்னேறுகிறார்கள், ஆனால் ஆராய்ந்து சிந்திக்கும் திறன் நான்கு வருடத்திலும் உயரவில்லை என்று வந்தது. நாம் எதைக் கேட்கிறோமோ அதைத்தான் அவர்கள் கற்கிறார்கள் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எடுக்கும் பாடம் சர்க்யூட் என்பது உங்கள் அதிர்ஷ்டம், ஏனென்றால் மாணவர்கள் அதில் எங்கே தவறாக நினைக்கிறார்கள் என்று நன்றாக ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லிலியன் மெக்டெர்மட்டின் குழு கேட்ட ஒரு கேள்வி இது. உள் மின்தடை இல்லாத, ஒரே மாதிரியான பேட்டரிகள், ஒரே மாதிரியான ஐந்து பல்புகள். முதல் சுற்றில் ஒரு பல்பு மட்டும். இரண்டாவதில் இரண்டு பல்புகள் தொடராக. மூன்றாவதில் இரண்டு பல்புகள் பக்க இணைப்பில். ஐந்தையும் பிரகாச வரிசையில் எழுது, காரணம் சொல். தனி பல்பும் பக்க இணைப்பில் உள்ள இரண்டும் ஒரே பிரகாசம், தொடரில் உள்ள இரண்டும் மங்கல், தங்களுக்குள் சமம். இதை 1992-ல் அவர்கள் வெளியிட்டபோது, கால்குலஸ் அடிப்படையிலான இயற்பியல் படித்த மாணவர்களில் சுமார் 15 சதவீதம் பேர்தான் சரியாக எழுதினார்கள், பாடம் நடத்துவதற்கு முன்பும் பின்பும் பெரிய மாற்றமில்லை. தவறாக எழுதியவர்களில் ஒரு சாரார், பேட்டரி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் கொடுக்கும், பல்புகள் அதைப் பங்குபோட்டுக்கொள்கின்றன என்று நினைத்தார்கள். இன்னொரு சாரார், முதல் பல்பு மின்னோட்டத்தில் கொஞ்சம் செலவழித்துவிடுகிறது என்று நினைத்தார்கள்.

இந்தக் கேள்வியை உங்கள் வகுப்பில் கேளுங்கள். மூன்று லூப் உள்ள சுற்றுக்கு மெஷ் சமன்பாடு எழுதி, டிடர்மினன்ட் போட்டு விடையை மூன்று தசமத்துக்குக் கொண்டுவரும் பையன், மூன்றாவது பல்பைப் பக்க இணைப்பில் சேர்த்தால் பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டம் கூடுமா குறையுமா என்று கேட்டால் முழிப்பதை நான் பல கல்லூரிகளில் பார்த்திருக்கிறேன். 13 மார்க் கணக்கு அவனைக் காட்டிக்கொடுக்காது. இப்படிப்பட்ட, கால்குலேட்டர் தேவைப்படாத கேள்விகள் பத்து தயாரித்துக்கொள்ளுங்கள். செமஸ்டரின் முதல் வாரத்தில் ஒருமுறையும் கடைசி வாரத்தில் ஒருமுறையும் கொடுங்கள், மதிப்பெண் கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டு. கணக்கிடும் முறையை இயற்பியலில் ரிச்சர்ட் ஹேக் பிரபலப்படுத்தினார். முன்னேற முடிந்த இடத்தில் எவ்வளவு பங்கு முன்னேறினார்கள் என்று பாருங்கள். வகுப்பின் சராசரி 30-லிருந்து 51-க்குப் போனால், 70-ல் 21, அதாவது 0.3. அவர் 1998-ல் 6,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் மெக்கானிக்ஸ் (விசை, இயக்கம் பற்றிய இயற்பியல்) தேர்வுத் தரவைச் சேர்த்தபோது, வெறும் விரிவுரை வகுப்புகளில் இது சராசரியாக 0.23, மாணவர்களை ஈடுபடுத்திய வகுப்புகளில் 0.48. உங்கள் கேள்விகள் வேறு, பாடம் வேறு என்பதால் அந்த எண்களோடு உங்களை ஒப்பிட வேண்டாம். உங்கள் இந்த வருடத்தை உங்கள் போன வருடத்தோடு ஒப்பிடுங்கள்.

இதோடு, செமஸ்டருக்கு இடையில் கல்லூரியே வைக்கும் ஒவ்வொரு சைக்கிள் டெஸ்ட்டிலும் பத்து விடைத்தாள்களைக் கண்ணை மூடி எடுத்து, மதிப்பெண் போடாமல் படியுங்கள். எங்கே ஆரம்பித்தான், எங்கே நின்றான், நின்ற இடத்தில் என்ன நினைத்திருப்பான் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த வரையில், இந்த ஒரு பழக்கம் ஒரு வாரப் பயிற்சி முகாமைவிட அதிகமாக ஒரு ஆசிரியரை மாற்றுகிறது.

மொழி விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் செக்‌ஷனில் பாதிப் பேர் தமிழ் வழியில் பிளஸ் டூ படித்தவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே சிவில், மெக்கானிகல் படிப்புகளைத் தமிழில் தொடங்கியது, ஆனால் உங்கள் மாணவர்கள் ஆங்கிலத்தில்தான் தேர்வு எழுத வேண்டும். ‘டவுட் இருக்கா?’ என்று கேட்டதும் வகுப்பே அமைதியாக இருந்தால், புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பலருக்குச் சந்தேகம் இருக்கும், அதை ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாது. வகுப்பு முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒரு துண்டுச் சீட்டில், இன்று எது புரியவில்லை என்று தமிழிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம். அடுத்த வகுப்பை அதில் அதிகம் வந்த விஷயத்தோடு ஆரம்பியுங்கள். கருத்தைத் தமிழில் பேசிப் புரியவைத்த பிறகு, அதையே தேர்வில் எழுத வேண்டிய ஆங்கில வாக்கியமாக அவர்களை எழுத வையுங்கள். இதில் இரண்டாவது பாதியை விட்டுவிட்டால் தேர்வில் அடிவாங்குவார்கள். உங்கள் 58-க்கு ஒரு காரணம் அங்கே இருக்கக்கூடும்.

செமஸ்டர் முடிந்த பிறகு வரும் ஃபீட்பேக்கால் அந்த மாணவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை. ஐந்தாவது வாரத்தில் உங்களுக்கு நம்பிக்கையான வேறு துறை நண்பர் ஒருவரை வகுப்புக்கு அனுப்பிவிட்டு நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். அவர் மாணவர்களை நாலைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பேசவிட்டு, எது உதவுகிறது, எது தடையாக இருக்கிறது, என்ன மாற்றலாம் என்ற மூன்றையும் கேட்டுத் தொகுத்து, யார் சொன்னது என்று சொல்லாமல் உங்களிடம் தரட்டும். அடுத்த வகுப்பில், இதை மாற்றுகிறேன், இதை மாற்ற முடியாது, காரணம் இது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். எண்ணை மட்டும் கையில் கொடுப்பதைவிட, யாராவது உட்கார்ந்து ஆசிரியரோடு பேசி விளக்கும்போதுதான் முன்னேற்றம் தெரிகிறது என்று 1980-லேயே ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லிவிட்டார்கள். அதே நண்பரை ஒருநாள் கடைசி பெஞ்சில் உட்காரச் சொல்லி, நல்லது கெட்டது சொல்லாமல், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நீங்கள் என்ன செய்கிறீர்கள், மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்டுவிட்டு எத்தனை விநாடி காத்திருக்கிறீர்கள் என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மேரி பட் ரோ என்பவர் பள்ளி வகுப்புகளில் அளந்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். அளந்தது பள்ளியில் என்றாலும், நான் உட்கார்ந்த கல்லூரி வகுப்புகளிலும் அந்த ஒரு விநாடியைத்தான் பார்த்தேன். வந்து உட்காருபவர் எச்.ஓ.டி.யாக இருக்கக் கூடாது. இன்க்ரிமென்ட்டில் கைவைக்கக்கூடியவர் உட்கார்ந்தால் நீங்கள் நடிப்பீர்கள், மாணவர்களும் நடிப்பார்கள்.

நடத்தும் முறையை மாற்றுவது பற்றி இன்று நமக்கு உறுதியாகத் தெரிந்தது, மாணவர்களை வகுப்பிலேயே யோசிக்க வைத்தால் பலன் கூடும் என்பது. அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளில் நடந்த 225 ஆய்வுகளை 2014-ல் தொகுத்தபோது, விரிவுரை வகுப்புகளில் தோற்றவர்கள் சராசரியாக 33.8 சதவீதம், மற்ற வகுப்புகளில் 21.8. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தவை. 60 பேர், நகர்த்த முடியாத பெஞ்ச், பல்கலைக்கழகம் அனுப்பும் கேள்வித்தாள் என்ற நம் சூழலில் அதே அளவு பலன் வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, திசை மாறாது என்று நம்புகிறேன். பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஹார்வர்டில் எரிக் மசூர் 1991-லிருந்து செய்துவரும் முறை நம் வகுப்புக்கு அப்படியே பொருந்தும். பல்புக் கேள்வி போன்ற ஒன்றை நான்கு விடைகளோடு போர்டில் எழுதுங்கள். பேசாமல் யோசித்து, விரலால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நெஞ்சருகே காட்டச் சொல்லுங்கள். பாதிப் பேர் அளவில் சரியாகச் சொன்னால், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லிவிட்டு மறுபடி காட்டச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் விளக்குங்கள். ஒரு பீரியடுக்கு ஒரு கேள்வி போதும். சிலபஸ் முடியாதே என்ற பயம் நியாயமானது. அதற்கு, வரையறைகளையும் படம் வரைவதையும் போர்டில் செய்யாமல் முந்தின நாளே ஒரு பக்க நோட்ஸாகக் கொடுத்துவிடலாம். ஏன் இப்படி நடத்துகிறேன் என்பதை முதல் வாரத்திலேயே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். நான் சொன்ன ஹார்வர்டு ஆய்வைச் செய்தவர்களும் இதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். சொல்லாமல் செய்தால், சார் பாடமே நடத்துவதில்லை என்று ஃபீட்பேக்கில் எழுதுவார்கள். ஒவ்வொரு வகுப்பின் ஆரம்பத்திலும் ஐந்து நிமிடம், போன வாரப் பாடத்திலிருந்து நோட்டைப் பார்க்காமல் இரண்டு கேள்விக்கு எழுத வையுங்கள். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்து எழுதுவது ஒரு வாரம் கழித்து நன்றாக நிற்கிறது என்பது 2006-ல் வந்த ரோடிகர், கார்ப்பிக் ஆய்விலிருந்து பலமுறை உறுதியானது.

உங்களை எஃப்.டி.பி. என்ற ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்கள் என்றீர்களே, போங்கள். ஆனால் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று மாணவர்களைப் பிரித்து அதற்கேற்ப நடத்தச் சொன்னால் நம்பாதீர்கள். அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-ல் உளவியலாளர்கள் விரிவாக ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். படித்தால் 10 சதவீதம் நிற்கும், பிறருக்குச் சொல்லிக்கொடுத்தால் 90 சதவீதம் நிற்கும் என்று முக்கோணப் படம் காட்டினால், அந்த எண்களுக்குப் பின்னால் எந்த ஆய்வும் இல்லை. ஸ்மார்ட் போர்டு இருந்தால் கற்றல் கூடுமா என்பது, அதில் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

எச்.ஓ.டி.க்கு எழுதும் விளக்கத்தில் ஃபீட்பேக்கைத் தாக்கி எழுதாதீர்கள், பக்கத்து செக்‌ஷன் மேடத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். முடிந்தால் அவருடைய நோட்ஸை வாங்கிப் பாருங்கள். எது எங்கே வருகிறது என்று தெளிவாகப் பிரித்து வைத்திருப்பார், மாணவர்களுக்குப் பிடித்தது அதுவாகவே இருக்கலாம், நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதும் அதுதான். கடிதத்தில் மூன்று விஷயங்கள் இருக்கட்டும். மாணவர்கள் எழுத்தில் சொன்ன குறைகளில் நீங்கள் ஏற்றுக்கொள்பவை, அவற்றுக்கு இந்த செமஸ்டரில் என்ன செய்யப்போகிறீர்கள் என்பது. இரண்டு செக்‌ஷன்களின் பிளஸ் டூ மதிப்பெண் சராசரி, எந்தக் கருத்தும் சேர்க்காமல். அப்புறம் ஒரு கோரிக்கை: அடுத்த சைக்கிள் டெஸ்ட்டுக்கு இரண்டு செக்‌ஷனுக்கும் பொதுவான கேள்வித்தாள், அதில் பாதி நீங்கள் எழுதியது, பாதி மேடம் எழுதியது. பழைய கேள்வித்தாள்களில் வராத கேள்விகள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். பெயரை மறைத்து, உங்கள் மாணவர்களின் தாள்களை அவரும் அவருடைய மாணவர்களின் தாள்களை நீங்களும் திருத்துவது. இதற்குக் கல்லூரிக்குச் செலவு எதுவும் இல்லை, என்.பி.ஏ. கோப்பிலும் வைத்துக்கொள்ளலாம், எச்.ஓ.டி. மறுக்கப் பெரிய காரணம் இருக்காது. ஆனால் எழுதிக் கொடுப்பதற்கு முன் மேடத்திடம் நேரில் பேசி அவர் சம்மதத்தை வாங்கிவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் இந்தக் கோரிக்கை போனால், உங்களுக்கு இந்தத் துறையில் மிகவும் தேவைப்படும் ஒருவரை இழந்துவிடுவீர்கள்.